இ.டி.ஐ. முறையும் சிறு வணிகரும்

பெரிய அங்காடி நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுக்கும் நமது உறுப்பினர்கள் சிலர் அண்மையில் ஒரு தாளைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார்கள். இனி ஆர்டர், பில் எல்லாம் இ.டி.ஐ. முறையில் மட்டுமே, சம்மதமானால் கையெழுத்திட்டு அனுப்பவும் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போடலாமா, போட்டால் என்ன செலவாகும், போடாவிட்டால் வியாபாரம் போய்விடுமா என்பவை அவர்கள் கேள்விகள். நாங்கள் இந்த முறையில் சில ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் செய்து, கொஞ்சம் பணமும் இழந்து, சில விஷயங்களைத் தெரிந்துகொண்டிருக்கிறோம். கம்ப்யூட்டர் படித்தவர்கள் எழுதுவதுபோல் எங்களுக்கு எழுத வராது. மண்டிக்காரர் கண்ணில் பட்டதை எழுதுகிறோம்.

இ.டி.ஐ. என்றால் மின்னணுத் தகவல் பரிமாற்றம். வாங்குபவரின் கம்ப்யூட்டரிலிருந்து விற்பவரின் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் நேராக வந்து சேரும். அனுப்புச் சீட்டும் பில்லும் அதே வழியில் திரும்பிப் போகும். இரண்டு பக்கத்திலும் யாரும் மறுபடி தட்டச்சு செய்யாமலே அவை கணக்கில் ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் தினமும் ஆர்டர் வருகிறதே, அதுவும் இதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். அது இதுவல்ல. வாட்ஸ்அப்பில் வருவதை நம் கடைப் பையன் படித்து, புரிந்துகொண்டு, பில் போடுகிறான். பில்லைப் படமாக்கி மெயிலில் அனுப்பினாலும் அங்கே ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். எழுதும் கை ஒன்று நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இ.டி.ஐ. ஆகாது.

இந்த முறை பிறந்த கதை கம்ப்யூட்டர் அறையில் தொடங்கவில்லை, சரக்கு இறக்கும் இடத்தில் தொடங்கியது. 1948 ஜூனில் பெர்லின் நகரின் மேற்குப் பகுதிக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் வழிகளை எல்லாம் சோவியத் தரப்பு அடைத்துவிட்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் நிலக்கரி முதல் மாவு வரை விமானத்தில் கொண்டுபோய்க் கொட்டின. மொத்தம் 20 லட்சம் டன்னுக்கு மேல். ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒவ்வொரு விதமான சரக்குப் பட்டியல் வர, எது வந்தது, எது வரவில்லை என்றே தெரியாமல் போயிற்று. அங்கே சரக்குப் போக்குவரத்தைக் கவனித்த எட்வர்ட் கில்பர்ட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் எல்லாரும் ஒரே வரிசையில் எழுத வேண்டிய ஒரு பட்டியலை வகுத்தார்கள். டெலெக்ஸிலோ தொலைபேசியிலோ அதை அப்படியே ஒப்பிக்கலாம். அவர் பின்னாளில் டூபான்ட் கம்பெனியில் சேர்ந்து, 1960-களில் அதே யோசனையைச் சரக்கு வண்டிக் கம்பெனியுடன் நடத்திய கொடுக்கல் வாங்கலுக்குக் கொண்டுவந்தார். 1968-ல் அமெரிக்கப் போக்குவரத்துக் கம்பெனிகள் இதற்கென ஒரு குழு அமைத்தன. 1979-ல் எக்ஸ் 12 என்ற அமெரிக்க ஒழுங்குமுறைக்கான குழு ஏற்பட்டது. 1987-ல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் எடிஃபாக்ட் என்ற உலக ஒழுங்குமுறை வந்தது. நம் நாட்டில் 1990-களில் சுங்கத்துறை ஏற்றுமதி, இறக்குமதிப் பத்திரங்களை இம்முறைக்கு மாற்றத் தொடங்கியபோதுதான் நம்மில் பலர் இந்த மூன்றெழுத்தை முதலில் கேள்விப்பட்டோம்.

எடிஃபாக்ட் செய்தி ஒன்றைத் திறந்து பார்த்தால் நமக்கு ஒன்றும் விளங்காது. புள்ளியும் கூட்டல் குறியுமாக இருக்கும். ஆனால் அதன் உள்ளே இருப்பது நம் கணக்குப்பிள்ளை பேரேட்டில் கோடு போட்டுப் பிரித்த கட்டங்கள்தான். உதாரணமாக, அளவைச் சொல்லும் வரியில் முதலில் ஒரு குறியெண் இருக்கும். 21 என்றால் ஆர்டர் செய்த அளவு, 12 என்றால் அனுப்பிய அளவு, 47 என்றால் பில் போட்ட அளவு. அதன் பிறகே எண்ணிக்கையும், அது கிலோவா உருப்படியா என்ற குறியும் வரும். ஆர்டர் அளவு, அவர்கள் கிடங்கில் இறக்கிய அளவு, பில் அளவு ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் பில் தடையில்லாமல் பட்டுவாடாவுக்குப் போகும். ஒன்று பிசகினாலும் கம்ப்யூட்டர் பில்லை நிறுத்திவைக்கும். முன்பெல்லாம் இப்படி நேர்ந்தால் நாம் போய் அந்தக் கொள்முதல் மேனேஜரைப் பார்த்து, காபி சாப்பிட்டு, பேசித் தீர்த்துக்கொண்டு வருவோம். இப்போது அவரே, "சிஸ்டம் நிறுத்திவிட்டதய்யா, என் கையில் இல்லை" என்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆர்டர் வந்து விழுந்ததும் நம் கம்ப்யூட்டர் தானாக ஒரு பதில் அனுப்பும். "உங்கள் செய்தி கிடைத்தது, வடிவம் சரியாக இருக்கிறது" என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஆர்டரை இந்த விலைக்கு ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லும் பதில் வேறு. துவரம்பருப்பு விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போகும் நாட்களில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நமது வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பதில் போனதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்ட ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் பழைய விலையிலேயே 40 மூட்டை கொடுக்க நேர்ந்தது. ஏற்புப் பதில் வராத ஆர்டர் ஆர்டரே ஆகாது என்று அதன் பிறகு எழுதி வாங்கிக்கொண்டோம்.

ஆனால் எங்களுக்குப் பெரிய அடி விலையில் விழவில்லை, அளவில் விழுந்தது. ஒரு பொங்கல் வாரத்தில் ஒரு பெரிய அங்காடி நிறுவனத்திடமிருந்து சேமியாவுக்கு 240 என்று ஆர்டர் வந்தது. எங்கள் சரக்குப் பதிவில் சேமியா ஒரே வரிதான். அதன் அலகு பெட்டி. பெட்டிக்கு 40 பொட்டலம். பண்டிகை நேரமாயிற்றே, நல்ல ஆர்டர் என்று மகிழ்ந்து, இருந்ததை எல்லாம் திரட்டி, 240 பெட்டி ஏற்றி அனுப்பினோம். அவர்கள் கேட்டது 240 பொட்டலம், அதாவது 6 பெட்டி. அவர்கள் அனுப்பிய செய்தியில் உருப்படி என்ற குறியும் சரியாகவே இருந்திருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டரில் சேமியாவுக்குப் பெட்டியைத் தவிர வேறு அலகு இல்லாததால் அது அந்தக் குறியைத் தள்ளிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. 6 பெட்டியை இறக்கிக்கொண்டு 234 பெட்டியைத் திருப்பிவிட்டார்கள். போக வர லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி எங்கள் தலையில் விழுந்தது போதாதென்று, அந்த வாரம் முழுவதும் எங்கள் சில்லரைக் கடைக்காரர்களுக்குக் கொடுக்கச் சேமியா இல்லாமல் போயிற்று. இருபது வருஷமாக எங்களிடம் வாங்கிய ஒரு கடைக்காரர் பக்கத்து மண்டிக்குப் போனார். பிறகு அவர் எங்களிடம் திரும்பி வரவில்லை. அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இதை விசாரித்தபோதுதான் பார்கோடு விஷயமும் எங்களுக்குப் பிடிபட்டது. பொட்டலத்தின் மேல் இருப்பது 13 இலக்க எண். நம் நாட்டில் வழங்கப்படுபவை 890 என்று தொடங்கும். (இதைப் பார்த்து இந்தியத் தயாரிப்பு என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. எண் இந்தியாவிலுள்ள ஜி.எஸ்.1 அமைப்பிடம் வாங்கப்பட்டது என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்வதில்லை.) பொட்டலத்துக்கு ஓர் எண் என்றால், 40 பொட்டலம் அடங்கிய அட்டைப்பெட்டிக்கு வேறு ஓர் எண் இருக்க வேண்டும், அதற்கென்று 14 இலக்க எண் முறையே இருக்கிறது. நாங்கள் இரண்டுக்கும் ஒரே எண்ணை எழுதிவைத்திருந்தோம். மனிதர் பார்த்தால் பெட்டியா பொட்டலமா என்று தெரிந்துவிடும். எண்ணை மட்டும் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

செலவு விஷயத்துக்கு வருவோம். ஆரம்ப காலத்தில் இந்தச் செய்திகள் இடையில் ஒரு தனியார் நிலையம் வழியாகவே போய்வந்தன. தந்திக்குச் சொல் கணக்கில் காசு கொடுத்ததுபோல, அந்த நிலையங்கள் எழுத்துக் கணக்கில் கட்டணம் வசூலித்தன. அதனால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கூடப் பெரிய கம்பெனிகளே முதலில் இதில் இறங்கின. இன்டர்நெட் வந்த பிறகு அந்தச் செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது உள்ள செலவு, நம் கணக்கு மென்பொருளையும் அவர்களுடைய அமைப்பையும் இணைத்துக் கொடுப்பவருக்கு முதலில் ஒரு தொகையும், பிறகு வருஷா வருஷம் ஒரு தொகையும் ஆகும். இதைத் தவிர்க்க விரும்பும் சிறியவர்களுக்குப் பெரிய நிறுவனங்கள் ஒரு குறுக்கு வழி சொல்கின்றன. அவர்களுடைய இணையப் பக்கத்தில் நாம் நுழைந்து, ஆர்டரைப் பார்த்து, பில் விவரத்தை நம் கையாலேயே அங்கே தட்டச்சு செய்துவிட வேண்டும். இதையும் இ.டி.ஐ. என்றே அவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது இ.டி.ஐ. தான், நமக்கு இல்லை. முன்பு அவர்களுடைய குமாஸ்தா செய்த வேலை இப்போது நம் குமாஸ்தாவிடம் வந்திருக்கிறது, அவ்வளவே. நம் கடையில் ஒரு பில், அவர்கள் பக்கத்தில் ஒரு பில் என்று இரண்டு தடவை எழுதுகிறோம். இரண்டிலும் தப்பு வர இடம் இருக்கிறது. மாதம் பத்துப் பதினைந்து பில்லுக்கு இது போதும். தினம் இருபது பில் என்றால் ஓர் ஆள் சம்பளம் அதற்கே போய்விடும். அந்த நிலை வந்த பிறகு இணைப்புக்குச் செலவு செய்வது லாபம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நாங்கள் அங்காடிக் கம்பெனிகளுக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லும் உறுப்பினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. மின்னணு விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ், ஒரு வகையில் இதே இ.டி.ஐ. தான். வகுத்த கட்டங்கள், வகுத்த குறிகள், கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு. இது 2020 அக்டோபர் 1-ல் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் தாண்டியவர்களுக்கு வந்தது. படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி தாண்டியவர்கள் வரை வந்துவிட்டது. 2017-18 முதல் ஏதாவது ஓர் ஆண்டில் தாண்டியிருந்தாலே போதும். பிறகு வியாபாரம் குறைந்தாலும் கடமை போகாது. நாம் அனுப்பும் பில்லுக்கு அரசின் பதிவுத் தளம் 64 எழுத்து கொண்ட ஓர் எண்ணையும் க்யூ.ஆர். குறியையும் தருகிறது. அந்த 64 எழுத்து நம்முடைய ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, பத்திர வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகையால் ஒரே பில் எண்ணை ஓர் ஆண்டில் இரண்டு தடவை பதிய முடியாது. ரத்து செய்த எண்ணையும் மறுபடி எடுக்க முடியாது.

இதில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் மற்றவர்களுக்கு உதவும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஓசூரில் ஒரு கடை, பெங்களூரில் ஒரு கடை. பெயர் ஒன்றே, பான் எண் ஒன்றே. ஜி.எஸ்.டி. எண் மட்டும் இரண்டு: ஓசூர் 33 என்றும், பெங்களூர் 29 என்றும் தொடங்கும். ஓசூருக்குப் போன சரக்குக்குப் பில் போட்ட பையன் பட்டியலில் மேலே இருந்த பெங்களூர்ப் பெயரைத் தொட்டுவிட்டான். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால் அது காட்டிக்கொடுக்கும். இங்கே எண்ணில் பிழையே இல்லை, ஆளில்தான் பிழை. மென்பொருளும் வெளிமாநிலம் என்று பார்த்து மாநில வரி, மத்திய வரி என்று பிரிக்காமல் ஒருங்கிணைந்த வரியாகப் போட்டது. அரசுத் தளமும் பதிந்துகொண்டது. லாரி ஓசூரில் சரக்கை இறக்கிவிட்டு வந்துவிட்டது. பதிந்த 24 மணி நேரத்துக்குள் அந்தத் தளத்தில் ரத்து செய்யலாம். அதுவும் இ-வே பில் நடப்பில் இல்லாதிருந்தால்தான். எங்களுக்கு விஷயமே அடுத்த மாதம் 14-ம் தேதிக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றுதான் வாங்குபவருக்கு 2-பி என்ற அறிக்கை வருகிறது. ஓசூர்க் கடையின் அறிக்கையில் எங்கள் பில் இல்லை.

பில் தொகை 3,80,000 ரூபாய், வரி 19,000 ரூபாய். 2022 ஜனவரி 1 முதல், விற்பவர் கணக்குக் காட்டி, அது வாங்குபவரின் அறிக்கையில் வந்தால்தான் அவருக்கு வரி வரவு கிடைக்கும் என்பது சட்டம். ஆகவே அவர் 19,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார். அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நாங்கள் இருந்தாலும் அதையே செய்திருப்போம். எங்கள் ஆடிட்டர் சொன்னபடி பழைய பில்லுக்கு வரவுக் குறிப்பு போட்டு, அதையும் தளத்தில் பதிந்து, ஓசூர் எண்ணுக்குப் புது பில் போட்டு, அந்த 19,000 கைக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது எங்கள் பதிவில் அந்த வாடிக்கையாளரின் பெயர் "ஓசூர்" என்ற ஊர்ப்பெயரில் தொடங்குகிறது; கடைப்பெயர் பின்னால் வருகிறது. இரண்டு ஊரில் கடை உள்ள எல்லாருக்கும் இப்படியே மாற்றிவிட்டோம். காசு செலவில்லாத வேலை.

மூட்டை என்ற சொல்லைப் பற்றியும் எழுதியாக வேண்டும். நம் வழக்கில் மூட்டை என்றால் சரக்குக்கு ஏற்றபடி நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அது வெறும் ஒரு அலகு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமிட்டு விவரம் அச்சிட்ட அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத வரி வந்தது. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு அந்த வரி இல்லை. உடனே சந்தையில் 26 கிலோ அரிசி மூட்டை வந்ததை நாம் அனைவரும் பார்த்தோம். இப்போது ஒரே அரிசி, ஒரே ஆலை, 25 கிலோ ஒன்று, 26 கிலோ ஒன்று. சரக்குப் பதிவில் இரண்டையும் 'மூட்டை' என்று ஒரே வரியில் வைத்திருந்தால், வரி உள்ளதற்கு இல்லாமலும், இல்லாததற்குப் போட்டும் பில் போகும். முன்பு பில் எழுதும் கணக்குப்பிள்ளை மூட்டையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு எழுதுவார். இ.டி.ஐ.யில் அந்தத் திரும்பிப் பார்த்தல் கிடையாது. ஆர்டர் வந்து, பில்லாகி, அரசுத் தளத்தில் பதிந்து முடிந்த பிறகுதான் ஆள் கண்ணில் படும்.

ஆகவே எங்களைக் கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது, கம்ப்யூட்டர் விற்பவரைக் கூப்பிடும் முன் சரக்குப் பதிவை எடுத்து உட்காருங்கள் என்பதே. எங்கள் கடையில் சுமார் 900 வரிகள் இருந்தன. நாங்களும் மகனும் கணக்குப்பிள்ளையும் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். ஒரே மிளகாய்த்தூள் 'மி.தூள்', 'மிளகாய் பொடி', 'சில்லி பவுடர்' என்று மூன்று பெயரில் இருந்தது. மூன்றிலும் இருப்பு வேறு, ஒன்றில் மைனஸ். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே பெயர், பொட்டலத்துக்கும் பெட்டிக்கும் தனி வரி, பெட்டிக்கு எத்தனை பொட்டலம், எத்தனை கிலோ, எந்த எச்.எஸ்.என். எண், என்ன வரி என்று எழுதி முடித்தபோது 900 வரி 610 ஆயிற்று. கிடங்கில் இருக்கிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த சில சரக்குகள் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மகன் முதல் இரண்டு வாரம் சலித்துக்கொண்டான். மைனஸ் மிளகாய்த்தூளைப் பார்த்த பிறகு அவனே முன்னின்று செய்தான்.

பிறகு, அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை. அவர்கள் தங்கள் சரக்குக் குறியெண்களை மாற்றினால் நமக்கு எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள்? அனுப்புச் செய்திக்கும் இறக்கிய அளவுக்கும் வித்தியாசம் வந்தால் பற்றுக் குறிப்பு போட்டுக் கழித்துக்கொள்வார்களா, நம்மைக் கேட்ட பிறகு கழிப்பார்களா? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் விடக்கூடாது. சின்னச் சின்னக் கழிவுகளாக வருஷ லாபமே போய்விடும். அவர்கள் இயந்திரம் நின்றுபோன நாளில் சரக்கு கேட்டால் எந்த ஆதாரத்தில் அனுப்புவது? செய்தி வந்த நேரத்தைப் பற்றித் தகராறு வந்தால் யாருடைய பதிவு செல்லும்? மின்னணுப் பதிவுகளுக்கு 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் சட்ட மதிப்பு கொடுத்திருக்கிறது. ஆகவே "கம்ப்யூட்டரில் வந்தது, பேப்பரில் வரவில்லை" என்று நாமும் தப்ப முடியாது, அவர்களும் தப்ப முடியாது. வந்த செய்திகளை நம் பக்கமும் பத்திரமாகச் சேமித்து வைத்திருப்பது அவசியம். எங்களுக்கு அந்தச் சேமியா விஷயத்தில் தப்பு யாருடையது என்று தெரிந்ததே அதனால்தான், அது எங்களுடையதாகவே இருந்தாலும்.

தொடங்கும்போது மூன்று மாதமாவது காகித ஆர்டரும் கூடவே வரட்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த மூன்று மாதத்தில் தினமும் மாலையில் இரண்டையும் ஒரு வயதான ஆள் கையில் கொடுத்து ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கணக்குப்பிள்ளை முதல் மாதத்தில் 31 வித்தியாசம் கண்டுபிடித்தார். இரண்டாம் மாதம் 9. மூன்றாம் மாதம் 2. அந்த இரண்டும் பெட்டி, பொட்டலம் குழப்பமே.

ஒப்பந்தத் தாள் வந்திருக்கும் உறுப்பினர்கள் அதன் நகலைச் சங்க அலுவலகத்தில் மாலை நேரத்தில் கொண்டுவந்தால், எங்கள் ஒப்பந்தத்தில் நாங்கள் மாற்றி எழுதி வாங்கிய வரிகளைக் காட்டுகிறோம்.